முழுப்படமாகப் பார்ப்போம்: நண்பர்களோடு பழைய காமெடிப் படங்களுக்குத் திரும்புவது எப்படி

நாகேஷ் திகில் கதை சொல்லச் சொல்ல பாலையா நடுங்கும் காட்சி தெரியாத தமிழர் குறைவு. ஆனால் அந்தக் காட்சி வரும் ‘காதலிக்க நேரமில்லை’யை முதல் ரீலிலிருந்து கடைசி ரீல்வரை உட்கார்ந்து பார்த்தீர்களா என்று கேட்டால், இளைய நண்பர்கள் பலர் யோசிப்பார்கள். ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழம், ‘மைக்கேல் மதன காம ராஜன்’ சாம்பாரில் விழுந்த மீன், ‘தில்லு முல்லு’ இன்டர்வியூ எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். முதலில் காமெடி சேனல்கள், அப்புறம் யூடியூப், இப்போது மீம்கள் என்று இவையெல்லாம் துண்டு துண்டாகவே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. துண்டாகப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது, உண்மைதான். ஆனால் ஒரு நல்ல காமெடிப் படத்தில் அந்தச் சிரிப்புக்கான வேலை ஒரு மணி நேரத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். அதைத் தவறவிட்டால் படத்தில் பாதியைத் தவறவிட்டோம் என்றே சொல்வேன்.

அதனால் இந்தக் கட்டுரை ஒரே ஒரு பழக்கத்தைப் பரிந்துரைக்கிறது: நாலு நண்பர்கள் மாதம் ஒருமுறை கூடி, தெரிந்த காமெடிப் படம் ஒன்றை முழுதாகப் பார்த்து, முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவது. சினிமா படித்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. இதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எங்கே தடுக்கும், எதில் கவனம் வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஆள் சேர்ப்பது

நாலு பேருக்குக் குறைந்தால் பேச்சு சீக்கிரம் வற்றிவிடும். எட்டுப் பேரைத் தாண்டினால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். ஐந்தாறு பேர் சரியான அளவு.

எண்ணிக்கையைவிடக் கலவைதான் முக்கியம். படத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் ஒருவர் வேண்டும். அதைப் பார்த்தே இராத ஒருவரும் கட்டாயம் வேண்டும். புதிதாகப் பார்ப்பவர் சிரிக்கும் இடங்கள் உங்களை ஆச்சரியப்படுத்தும். நாம் காலங்காலமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் வசனத்தை அவர் சும்மா கடந்து போவார். நாம் கவனிக்கவே கவனிக்காத ஒரு மூலையில் நிற்கும் நடிகரைப் பார்த்து வெடித்துச் சிரிப்பார். அன்றைய பேச்சுக்கு அதுவே முதல் சரக்கு. முடிந்தால் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்த வயதில் ஒருவரையும் அழையுங்கள். யாருடைய அப்பாவோ அத்தையோ வந்தால்கூடப் போதும். தரை டிக்கெட்டில் எந்த இடத்தில் விசில் பறந்தது, எந்த வசனம் சிரிப்புச் சத்தத்தில் காதிலேயே விழவில்லை என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியும்.

படத்தைத் தேர்வு செய்யும் உரிமை முறைவைத்துச் சுற்றி வரட்டும். ‘எல்லோருக்கும் பிடித்த படம்’ என்று வாட்ஸாப்பில் ஓட்டெடுப்பு நடத்தினால் அதே நாலு படத்தைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

முதல் படம் எது?

தமிழில் காமெடி இரண்டு வழியில் வந்திருக்கிறது. ஒன்று முழுநீள நகைச்சுவைப் படம்: கதையே காமெடி, நாயகனும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருப்பான். இன்னொன்று டிராக்: கதை ஒருபக்கம் போக, காமெடியன்கள் தனியாக ஒருபக்கம் வந்து போவார்கள். என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் தங்கள் காட்சிகளைத் தாங்களே அமைத்துப் படத்தில் சேர்த்த காலத்திலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. கவுண்டமணி – செந்தில் காட்சிகள் பலவற்றை எழுதிய ஏ. வீரப்பன் இந்த டிராக் எழுத்தில் பெரிய கை. இன்றைக்குக் கைப்புள்ளையைத் தெரிந்த எல்லோருக்கும் ‘வின்னர்’ (2003) படத்தின் கதை நினைவிருக்காது. டிராக்கின் பலம் அது.

தொடங்கும் குழு முழுநீளப் படத்தில்தான் தொடங்க வேண்டும். டிராக் உள்ள படத்தை எடுத்தால் காமெடி வரும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள், மற்ற நேரமெல்லாம் போனை நோண்டுவார்கள். முழுப்படம் பார்க்கும் பழக்கமே அங்கே முறிந்துவிடும்.

என் தேர்வு, தயக்கமே இல்லாமல், ‘காதலிக்க நேரமில்லை’தான். 1964ஆம் ஆண்டுப் படம். இயக்கம் ஸ்ரீதர், வசனத்தில் சித்ராலயா கோபுவின் கை, ஒளிப்பதிவு வின்சென்ட், இசை விஸ்வநாதன் – ராமமூர்த்தி. ரவிச்சந்திரனுக்கும் காஞ்சனாவுக்கும் முதல் படம். ஆழியாறு அணைப் பக்கத்துக் காட்சிகளெல்லாம் வண்ணத்தில் பளிச்சென்று இருப்பதால் ‘பழைய படமா’ என்று முகம் சுளிப்பவர்கள்கூட உட்கார்ந்துவிடுவார்கள். அதைவிட முக்கியமான காரணம், இதில் காமெடியைக் கதையிலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது. பணக்கார மாப்பிள்ளை மீது விசுவநாதனுக்கு (பாலையா) இருக்கும் ஆசை ஒரு பொய்யைப் பிறப்பிக்கிறது. அந்தப் பொய்யைக் காப்பாற்ற நண்பன் கிழவர் வேடம் போட வேண்டியிருக்கிறது. அந்த நண்பனுக்கும் இதே வீட்டில் ஒரு காதல் இருக்கிறது. நடுவில் மகன் செல்லப்பா (நாகேஷ்) ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ ஆரம்பித்துப் படமெடுக்க அப்பாவிடமே பணம் கேட்கிறான். திகில் கதைக் காட்சி இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. முழுப்படத்தில் பார்க்கும்போது பாலையாவின் பயத்துக்குப் பின்னால், பணத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் ஒரு மனிதர் தெரிவார்.

வேறு தொடக்கம் வேண்டுமென்றால் ‘தில்லு முல்லு’ (1981), ‘மைக்கேல் மதன காம ராஜன்’ (1990) இரண்டில் ஒன்று. கிராமத்துப் பின்னணி பிடித்த குழு என்றால் ‘ஆண் பாவம்’ (1985).

பிரதியைச் சரிபார்ப்பது

இந்த வேலையைப் படம் பார்க்கும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் முன்னதாக, படத்தைத் தேர்ந்தெடுத்தவர் தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டும்.

முதலில் நீளம். யூடியூபில் பழைய படங்கள் நிறையவே கிடைக்கின்றன. உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே ஏற்றியிருப்பவற்றைத் தேடி எடுங்கள். ஒரே படத்துக்கு இரண்டு மூன்று பிரதிகள் இருந்தால் நீளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டுகளை வெட்டிய பிரதி, டிவிக்காகச் சுருக்கிய பிரதி என்று பலதும் உலவுகின்றன. அந்தக் காலத்துப் படம் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது படத்தின் வடிவம். பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இதுதான். சினிமாஸ்கோப் பரவுவதற்கு முன்பு எடுத்த படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. அவற்றை இன்றைய அகலத் திரைக்கு இழுத்தால் எல்லோரும் குட்டையாகவும் குண்டாகவும் தெரிவார்கள். மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் தலையும் காலும் போய்விடும். நாகேஷும் சந்திரபாபுவும் காலால் நடித்தவர்கள். ஒரு நாற்காலியில் உட்கார வரும்போதே நாகேஷின் முழங்கால் ஒரு பக்கமும் இடுப்பு இன்னொரு பக்கமும் போகும். கால் தெரியாத நாகேஷ் பாதி நாகேஷ்தான். இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்தாலும் பரவாயில்லை, டிவி அமைப்பில் படத்தின் அசல் வடிவத்தையே வையுங்கள்.

ஒலி விஷயத்தில், பாஸைக் குறைத்துப் பேச்சு தெளிவாகக் கேட்கும்படி வைத்தால் போதும். தமிழ் சரளமாக வராத பிள்ளைகளோ பிறமொழி நண்பர்களோ வருவதாக இருந்தால் சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று: சப்டைட்டில் வசனத்துக்கு ஒரு நொடி முன்பே திரைக்கு வந்து சிரிப்பைக் கெடுத்துவிடும். தேவையில்லாதவர்கள் கூட்டத்தில் அதைப் போடாதீர்கள்.

பார்க்கும்போது

விதி ஒன்றுதான்: வசனத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நமக்கு இது பெரிய சோதனை. பாதி வசனம் மனப்பாடமாகத் தெரிந்த ஒருவருக்கு வாய் துறுதுறுவென்று இருக்கும். படம் ஓடும்போது அவர் ஒரு வரியை முந்திச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் புதியவர் அந்தச் சிரிப்பை இனி எப்போதும் முதல்முறையாகச் சிரிக்க முடியாது. ‘மச்சான், இப்ப பாரேன்!’ என்று தொடையைத் தட்டுவதும் இதே கணக்குத்தான்.

போன்கள் வேறு அறையில் இருக்கட்டும். முறுக்கும் கடலையும் முதலிலேயே கிண்ணங்களில் போட்டு வையுங்கள், பாக்கெட் பிரிக்கும் சத்தம் வசனத்தை விழுங்கிவிடும். அறையை முழுக்க இருட்டாக்காதீர்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். தனியாகப் பார்த்தால் புன்னகையோடு போய்விடும் காட்சி, எதிரே ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்போது வேறு காட்சியாகிவிடும். இந்தப் படங்களை எடுத்தவர்களும் நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து சிரிக்கும் கொட்டகையை மனதில் வைத்துத்தான் எடுத்தார்கள். வசனத்துக்குப் பிறகு நடிகர் சும்மா ஒரு நொடி நிற்பார், முகத்தைத் துடைப்பார், துண்டை உதறுவார். அந்த இடைவெளி கொட்டகையின் சிரிப்பு அடங்குவதற்காக. தனியாகப் பார்க்கும்போது அது இழுவையாகத் தோன்றும். கூட்டத்தோடு பார்த்தால் சரியான நீளமாக இருக்கும்.

‘இடைவேளை’ என்று திரையில் வந்ததும் நிறுத்துங்கள். நம் படங்கள் அதற்காகவே கட்டப்பட்டவை. முடிச்சு இறுகும் இடத்தில்தான் இடைவேளை விடுவார்கள். டீ குடியுங்கள். படத்தைப் பற்றி அலச வேண்டாம். புதிதாகப் பார்ப்பவரிடம் மட்டும் ‘இனி என்ன ஆகும்னு நினைக்கிறே?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்வதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பேசுவது, எப்படிப் பேசுவது

‘செம படம்’, ‘அந்தக் காலத்துல எப்படி எடுத்திருக்காங்க’ என்பதோடு பேச்சு நின்றுவிடக்கூடும். யார் பெரிய காமெடியன் என்ற சண்டையில் மாட்டிக்கொண்டாலும் வீண்தான். கவுண்டமணியா வடிவேலுவா என்று விடிய விடியப் பேசலாம், படத்தைப் பற்றி ஒரு புதிய விஷயமும் கிடைக்காது. கைகொடுக்கும் சில வழிகளைச் சொல்கிறேன்.

படம் முடிந்த கையோடு ஒவ்வொருவரும் தான் மிக அதிகமாகச் சிரித்த ஓர் இடத்தைச் சொல்லட்டும். காரணம் சொல்ல வேண்டாம், இடத்தை மட்டும். பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே இடமாக இருக்காது. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்கான விதை படத்தில் எங்கே போடப்பட்டது என்று பின்னோக்கித் தேடுங்கள். ‘தில்லு முல்லு’வில் மீசை வைத்தவர் சந்திரன், மீசை இல்லாதவர் இந்திரன் என்று முதலாளி தேங்காய் சீனிவாசன் நம்ப ஆரம்பித்த பிறகு, ரஜினியின் முகத்தில் மீசை இருக்கிறதா இல்லையா என்பதே ஒவ்வொரு காட்சிக்கும் பதற்றமாகிவிடுகிறது. அந்தப் பதற்றத்துக்கான விதை முதலாளியின் கொள்கைப் பிடிப்புகளில் இருக்கிறது. தொடக்கத்து இன்டர்வியூவில் அவற்றை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். துண்டாகப் பார்த்தவருக்கு அந்த இன்டர்வியூ தனி காமெடி. முழுதாகப் பார்த்தவருக்குப் படத்தின் அஸ்திவாரமே அதுதான்.

இதற்கு ஒரு தாளும் பேனாவும் ரொம்ப உதவும். ஆள்மாறாட்டப் படமென்றால் பாத்திரங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் எந்தப் பொய் தெரியும், எது தெரியாது என்று குறியுங்கள். ‘மைக்கேல் மதன காம ராஜ’னுக்கு இதைச் செய்து பாருங்கள். நாலு கமல், ஒவ்வொருவரைச் சுற்றியும் ஒரு கூட்டம், யார் யாரை யாராக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கு. தாள் நிரம்பி வழியும். ஆனால் படம் பார்க்கும்போது எங்கேயும் குழம்பவில்லையே என்பது அப்போதுதான் உறைக்கும். தொடக்கத்திலேயே ‘கதை கேளு’ பாட்டில் நாலு பிள்ளைகளும் பிரிந்த கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு, ஒரு உடை, ஒரு தொழில். இயக்கிய சிங்கீதம் சீனிவாசராவும் வசனம் எழுதிய கிரேசி மோகனும் அதில் போட்டிருக்கும் உழைப்பு அசரவைப்பது.

அடுத்து, கேட்பவர் முகத்தைப் பாருங்கள். ஒரு காட்சியைத் திரும்பப் போட்டு, பேசுபவரை விட்டுவிட்டு எதிரில் நிற்பவரை மட்டும் கவனியுங்கள். திகில் கதைக் காட்சியில் நாகேஷ் கையாலும் தொண்டையாலும் எல்லா வித்தையும் காட்டுகிறார். ஆனால் நம்மைச் சிரிக்க வைப்பது பாலையா. புருவம், வாய், நாற்காலியில் ஒடுங்கும் உடம்பு என்று ஒவ்வொன்றாக அவர் பயத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். வாழைப்பழக் காட்சியிலும் இதைச் செய்து பாருங்கள். கவுண்டமணியின் கோபம் எவ்வளவு ஏறினாலும் செந்தில் தான் சொல்வது நியாயமென்று முழுதாக நம்புகிறார். அந்த முகத்தில் குறும்பு துளியும் இல்லை. குறும்பு தெரிந்திருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும்.

இன்னொரு பயிற்சி என் குழுவில் எல்லோருக்கும் பிடித்தது. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு காட்சியைத் திரையை மறைத்துவிட்டு ஒலியாக மட்டும் கேளுங்கள். அப்புறம் அதே காட்சியை ஒலியில்லாமல் பாருங்கள். ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தில் தங்கவேலு மனைவி எம். சரோஜாவிடம் பொய்மேல் பொய்யாக அடுக்கும் காட்சிகள் கண்ணை மூடிக்கொண்டாலும் ஒரு குறையும் இல்லாமல் சிரிக்க வைக்கும். அவர் இழுக்கும் இழுப்பிலும் நடுவில் விழுங்கும் எச்சிலிலும் எல்லாம் இருக்கிறது. சந்திரபாபுவுக்கு நேர் எதிர். ஒலியை அணைத்தாலும் அந்த உடம்பு பேசும். நாகேஷ் இரண்டிலும் தாக்குப்பிடிப்பார். கிரேசி மோகன் எழுதிய காட்சிகளில் ஒலிதான் முதல், ஒரு வார்த்தையை நழுவவிட்டால் அடுத்த மூன்று வரிகள் போய்விடும். இதைச் செய்து பார்த்த பிறகு ‘காமெடி’ என்று மொத்தமாகப் பேசுவதை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். எழுதியவர், நடித்தவர், எதிரில் நின்றவர், வெட்டி ஒட்டியவர் என்று பிரித்துப் பேச ஆரம்பிப்பார்கள்.

வட்டாரப் பேச்சு உள்ள படம் என்றால் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். ‘சதிலீலாவதி’ (1995) படத்தில் கமலும் கோவை சரளாவும் பேசும் கொங்குத் தமிழைக் கோயம்புத்தூர்ப் பக்கத்து நண்பரோடு உட்கார்ந்து பார்ப்பதே வேறு அனுபவம். எது நிஜமாக ஊரில் பேசுவது, எது சினிமாவுக்காக ஏற்றியது என்று அவர் சொல்லச் சொல்ல நமக்குக் காது திறக்கும்.

நேரம் முக்கால் மணி போதும். சுவாரசியம் உச்சத்தில் இருக்கும்போதே எழுந்துவிட்டால் அடுத்த மாதம் தானாகக் கூடுவார்கள்.

உறுத்தும் சிரிப்புகள்

இது வந்தே தீரும். கறுப்பாக இருப்பவரை, குண்டாக இருப்பவரை, திக்கிப் பேசுபவரை, பெண்மை கலந்த நடையுள்ள ஆணைக் கேலி செய்து சிரிக்க வைத்த காட்சிகள் நம் படங்களில் ஏராளம். சிறுவயதில் சிரித்த காட்சியில் இன்று சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். அறையில் இருக்கும் ஒருவர் அந்தக் கேலியைப் பள்ளிக்கூடத்தில் வாங்கியவராகவும் இருக்கலாம். அதனால் ‘அந்தக் காலம் அப்படி’ என்று ஒரே வரியில் மூடிவிடாதீர்கள். படத்தையே தூக்கி எறிவதும் வேண்டாம். ‘இந்த இடத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்கள்?’ என்ற கேள்வியை நேராகக் கேளுங்கள்.

அதைக் கேட்டால் ஒரே படத்துக்குள் இரண்டும் கிடைக்கும். ஒரு காட்சியில் பணக்காரனின் பேராசையையோ போலிச் சாமியாரையோ கேலி செய்திருப்பார்கள். அடுத்ததில் வேலைக்காரனின் தோற்றத்தை. ‘காசேதான் கடவுளடா’வில் (1972) தேங்காய் சீனிவாசனின் போலிச் சாமியார் வேடம் இன்றைக்கும் முனை மழுங்காமல் இருப்பதற்குக் காரணம், அங்கே சிரிக்கப்படுவது கண்மூடித்தனமான நம்பிக்கை. என்.எஸ். கிருஷ்ணன் அந்த வழியை வெகுமுன்பே போட்டுவிட்டார்.

பெண் நடிகர்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். பேச்சு எப்போதும் ஆண் காமெடியன்களைச் சுற்றியே ஓடும். டி.ஏ. மதுரம், எம். சரோஜா, சச்சு, மனோரமா, கோவை சரளா இவர்களில் ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து ஒரு படத்தைப் பாருங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) காமெடிப் படம் அல்ல. ஆனாலும் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வரும் காட்சிகளில் சிரிப்பும் ஒரு கலைஞரின் வலியும் ஒரே வரியில் வந்து போகும். யாருக்கும் துணையாக இல்லாமல் தானே ஒரு காட்சியைத் தூக்கி நிறுத்தும் பெண்ணைப் பார்த்த பிறகு, மற்ற படங்களில் அவர்களுக்கு எவ்வளவு குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது கண்ணில் படும்.

ஊர்விட்டு ஊர் இருப்பவர்கள்

நண்பர்கள் ஆளுக்கொரு நாட்டில் இருந்தாலும் செய்யலாம். சென்னையில் சனிக்கிழமை இரவு ஏழரை என்றால் குளிர்காலத்தில் லண்டனில் பிற்பகல் இரண்டு, டொராண்டோவில் காலை ஒன்பது. கோடையில் இரண்டு ஊரிலும் ஒரு மணி நேரம் கூடும். சிங்கப்பூரில் எப்போதும் இரவு பத்து. அங்கிருப்பவருக்குத்தான் கஷ்டம், படம் முடிய நள்ளிரவு தாண்டிவிடும். அவருக்காக ஒருமுறை ஞாயிறு மத்தியானம் வைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோக்காரர் அன்றைக்கு விடியலுக்கு முன் எழட்டும்.

எல்லோரும் ஒரே பிரதியைத் திறந்து வைத்துக்கொண்டு ‘ஒன்று, இரண்டு, மூன்று’ சொல்லி ஒன்றாகப் போடுவதே எளிய வழி. பேசும் இணைப்பு தனியாக இன்னொரு போனில் இருக்கட்டும், படத்தின் சத்தத்துக்கு ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வசனம் எதிரொலித்து இரண்டிரண்டாகக் கேட்கும். மைக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். சிரிப்பு அரை நொடி பிந்தி வந்தாலும் வரட்டும், அதற்காகத்தானே கூடுகிறோம்.

அடுத்தடுத்த படங்கள்

இரண்டு மூன்று படம் பழகிய பிறகு தனித்தனியாக எடுக்காமல் சங்கிலியாகக் கோத்துப் பாருங்கள். 1941இல் வந்த ‘சபாபதி’யில் டி.ஆர். ராமச்சந்திரன் அந்தக் கண்ணை உருட்டும் பணக்கார அசட்டுப் பிள்ளை; வேலைக்காரன் சபாபதியாக காளி என். ரத்னம். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து வந்த படம். அதே ராமச்சந்திரன் 1960இல் ‘அடுத்த வீட்டுப் பெண்’ணில் பாடத் தெரியாமல் வாயசைக்கிறார், தங்கவேலு பின்னாலிருந்து பாடிக் கொடுக்கிறார்; நமக்குக் கேட்பது பி.பி. ஸ்ரீநிவாஸ் குரல். இதே கதை வங்காளத்தில் தொடங்கித் தெலுங்கு வழியாகத் தமிழுக்கு வந்தது, 1968இல் இந்தியில் ‘படோசன்’ ஆனது. இந்தி தெரிந்த நண்பர் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்த மாதங்களில் பார்த்து, ஒரே ஜோக் மொழி மாறும்போது எங்கே வேகம் கூடுகிறது, எங்கே குறைகிறது என்று பேசலாம். ‘தில்லு முல்லு’வையும் அதன் மூலமான ‘கோல்மால்’ (1979) படத்தையும் இப்படியே வைக்கலாம்.

இன்னொரு சங்கிலி நாடக மேடை. பாலசந்தர் மேடையிலிருந்து வந்தவர். ‘சர்வர் சுந்தரம்’ (1964), ‘எதிர்நீச்சல்’ (1968) இரண்டும் அவருடைய நாடகங்கள். கிரேசி மோகன் சினிமாவுக்கு வந்ததே பாலசந்தரின் ‘பொய்க்கால் குதிரை’ (1983) வழியாகத்தான், அதுவும் மோகனுடைய நாடகக் கதை. மேடையில் பழகியவர்களின் படங்களில் கதவுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று பாருங்கள்: ஒருவர் போக, இன்னொருவர் வர, நடுவில் ஒருவர் ஒளிய. மூன்றாவது சங்கிலியாக ‘சபாஷ் மீனா’ (1958), அப்புறம் ‘உள்ளத்தை அள்ளித்தா’ (1996). இரண்டின் கதை முடிச்சும் ஒத்துப்போவதைப் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். முதலாவதில் சந்திரபாபுவுக்கு இரட்டை வேடம், இரண்டாவதில் மணிவண்ணனுக்கு. எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று தேடுவதற்கே ஒரு மாலை போதாது.

டிராக் படங்களுக்கு இந்தக் கட்டத்தில் திரும்பலாம். இப்போது பார்த்தால் ‘கல்யாணப் பரிசு’ புதிதாகத் தெரியும். ஒருபக்கம் தங்கவேலு பொய் சொல்லிச் சிரிக்க வைக்கிறார். இன்னொருபக்கம் சொல்ல வேண்டிய உண்மையைச் சொல்லாமல் விட்டவர்கள் அழிந்துகொண்டிருக்கிறார்கள். காமெடி க்ளிப் மட்டும் பார்த்தவருக்கு அந்தப் படம் ஒரு சோகப்படம் என்பதே தெரிந்திருக்காது.

யாருமே சிரிக்காத மாலை

ஒருநாள் இதுவும் நடக்கும். ஆசையாகத் தேர்ந்தெடுத்த படம் ஓடிக்கொண்டிருக்கும், அறை அமைதியாக இருக்கும். பெரும்பாலும் 1940, 50களின் படங்களில் இது நேரும். அவற்றின் வேகம் வேறு, பாட்டுகள் அதிகம், பேச்சில் மேடை வாசனை. படத்தைக் கொண்டுவந்தவர் சங்கடப்பட்டு, ‘வேற போடலாமா?’ என்று கேட்பார். போட வேண்டாம். இடைவேளை வரை பாருங்கள். பின்பாதியை இன்னொரு நாளுக்கு ஒத்திவையுங்கள். நடுவில் கிடைக்கும் நாள்களில் வயதான சொந்தக்காரர் ஒருவரிடம் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லி, அதில் எதற்குச் சிரித்தீர்கள் என்று எல்லோரும் கேட்டுவிட்டு வாருங்கள். அன்றைய வீடு, வேலைக்காரன், பள்ளிக்கூட வாத்தியார், இங்கிலீஷ் படிக்கத் திணறும் பணக்காரப் பிள்ளை எல்லாம் அவர்களுக்கு நேரில் தெரிந்த மனிதர்கள். அவர்கள் சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு பின்பாதியைப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வரவில்லையென்றால், அன்றைய முக்கால் மணி நேரத்தை அதற்கே கொடுங்கள்: அவர்கள் சிரித்த இடத்தில் நமக்கு ஏன் வரவில்லை? அடுத்த மாதத்துக்கு வேகமான படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். ‘காசேதான் கடவுளடா’ கைவிடாது.